மழை பெய்த இரண்டு சந்துகள்: ‘பஃபி’, ‘ஏஞ்சல்’ காமிக்ஸில் எதை முதலில் எடுக்கலாம்?

ஆத்மா உள்ள ஒரு காட்டேரியின் கதையான ‘ஏஞ்சல்’ என்ற அமெரிக்க டிவி தொடரை முடித்தவர்களுக்கு அந்தச் சந்து மறக்காது. லாஸ் ஏஞ்சல்ஸ், நள்ளிரவு, கொட்டும் மழை. ஹைபீரியன் ஓட்டலுக்குப் பக்கத்துச் சந்தில் ஏஞ்சல், அவன் கூட்டாளிகள் ஸ்பைக், இல்லிரியா, வயிற்றில் காயத்தோடு கன். இன்னொரு கூட்டாளி வெஸ்லி செத்துவிட்டான். எதிரே ஒரு படையே வருகிறது, தலைக்கு மேலே டிராகன். கன் தாங்கினால் இன்னும் பத்து நிமிடம் என்கிறாள் இல்லிரியா. ஏஞ்சல் வாளை ஓங்குகிறான், திரை இருண்டுவிடுகிறது. 2004 மே 19 அன்று 110 எபிசோடுகளும் அந்த ஓங்கிய வாளோடு நின்றுபோயின. சேனல் தொடரை நிறுத்தப்போகிறது என்ற செய்தி அந்தப் பிப்ரவரியிலேயே வந்திருந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 2003 மே 20-இல், ‘ஏஞ்சல்’ கிளைத்து வந்த தாய்த் தொடரான ‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ முடிந்தது வேறு மாதிரி. சன்னிடேல் ஊரே மண்ணுக்குள் இறங்கிப் பெரும் பள்ளமாகிவிட, அதன் விளிம்பில் நின்று பஃபி மெல்லச் சிரிக்கிறாள். தலைமுறைக்கு ஒருத்தி என்றிருந்த, காட்டேரிகளைக் கொல்லும் ஸ்லேயர் சக்தி, தோழி வில்லோவின் மந்திரத்தால் உலகம் முழுக்கத் தகுதியுள்ள எல்லாப் பெண்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஏழு சீசன், 144 எபிசோட் தனியாகச் சுமந்ததை இறக்கி வைத்தவளின் சிரிப்பு அது.

ஒன்று நிறைந்து முடிந்த கதை. மற்றது நடுவில் அறுந்த கதை. இரண்டுக்குமே ஒரே வருடத்தில், 2007-இல், காமிக்ஸ் வடிவில் தொடர்ச்சி வந்தது. இரண்டு தொடரையும் பார்த்து முடித்துவிட்டு அடுத்து எந்தக் காமிக்ஸை எடுப்பது என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டியலைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்: எட்டாம் சீசன், ஒன்பதாம் சீசன் என்று பன்னிரண்டு வரை போகிறது, ஏஞ்சலுக்குத் தனி வரிசை, ஸ்பைக்குக்குத் தனி வரிசை, எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றிச் சொல்லும் புதிய வரிசை ஒன்று. எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. சிலதைத் தவறவிடக் கூடாது.

ஒரு விஷயம் முன்கூட்டியே. காமிக்ஸில் வரும் ஒரு மரணத்தையும், ஒரு முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகத்தையும் சொல்லாமல் இந்த ஒப்பீட்டை எழுத முடியாது. அந்த இடம் வரும்போது சொல்லிவிட்டே எழுதுகிறேன். மற்ற முடிச்சுகளை அவிழ்க்கமாட்டேன்.

பின்னணி கொஞ்சம். ‘பஃபி’ காமிக்ஸ் 1998-இலிருந்தே டார்க் ஹார்ஸ் வெளியீடாக வந்துகொண்டிருந்தது. தொடர் ஓடிய காலத்தில் வந்த அந்தப் பழைய வரிசை 63 இதழ்கள். எபிசோடுகளுக்கு நடுவே செருகிய துணைக்கதைகள் என்பதால் அவற்றில் நடப்பது எதுவும் தொடரைப் பாதிக்காது. 2007 மார்ச்சில் நிலைமை மாறியது. தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே எழுதி, இதுதான் அதிகாரப்பூர்வமான அடுத்த சீசன் என்று ‘எட்டாம் சீசன்’ தொடங்கினார். ஏஞ்சலின் உரிமை அப்போது ஐடிடபிள்யூ என்ற வேறொரு பதிப்பகத்திடம் இருந்தது. அங்கே ‘ஸ்பைக்: அசைலம்’ எழுதியிருந்த ப்ரையன் லிஞ்ச்சின் எழுத்து வீடனுக்குப் பிடித்துப்போக, இருவரும் சேர்ந்து கதை அமைத்து, லிஞ்ச் எழுதி, அதே வருடம் நவம்பரில் ‘ஏஞ்சல்: ஆஃப்டர் த ஃபால்’ வந்தது. உலகம் ஒன்று, பதிப்பகம் இரண்டு. இந்தப் பிரிவினை பின்னால் கதையையே கடித்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சரி, எட்டாம் சீசன். மொத்தம் 40 இதழ்கள், சாதாரணத் தொகுப்பாக வாங்கினால் எட்டுப் புத்தகம். முக்கிய ஓவியர் ஜார்ஜஸ் ஜான்டி. அட்டைகள் ஜோ சென் தீட்டியவை. அந்த அட்டைகளுக்காகவே இதழ்களைச் சேர்த்தவர்கள் உண்டு. 2008-இல் சிறந்த புதிய தொடருக்கான ஐஸ்னர் விருதும், காமிக்ஸ் உலகின் பெரிய விருது அது, கிடைத்தது. தொடங்கும்போது அதற்குத் தகுதி இருந்தது என்றே நினைக்கிறேன்.

பஃபி இப்போது ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையில் இருக்கிறாள். உலகில் 1,800 ஸ்லேயர்கள், அதில் 500 பேர் இவர்களோடு, பத்து அணிகள். அவள் நண்பன் ஸாண்டர் ஒற்றைக் கண்ணோடு கட்டுப்பாட்டு அறையை நடத்துகிறான். அமெரிக்க ராணுவம் இவர்களைப் பயங்கரவாதிகள் என்று குறித்து வைத்திருக்கிறது. ரோமில் தி இம்மார்ட்டல் என்பவனோடு சுற்றும் பஃபி யார் என்று ‘ஏஞ்சல்’ ஐந்தாம் சீசன் பார்த்தபோது கடுப்பானவர்களுக்கு முதல் இதழிலேயே பதில் இருக்கிறது: அது பஃபியே இல்லை, பாதுகாப்புக்காக அவள் பெயரில் வைத்த போலி. இன்னொரு போலியைப் பூமிக்கு அடியில் அனுப்பியிருக்கிறார்கள்.

அந்தப் பூமிக்கு அடியில் போன பெண்ணின் கதைதான் ஐந்தாவது இதழ், ‘த செயின்’. இந்த 40 இதழில் ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். சக்தி வந்த ஆயிரத்துச் சொச்சம் பெண்களில் ஒருத்தி. பஃபியைப் போல வேஷம் போட்டுக்கொண்டு, பஃபி என்ற பெயரைத் தாங்கி, பாதாள உலகத்தில் யாரும் அறியாமல் போரிட்டுச் சாகிறாள். அவளுடைய சொந்தப் பெயர் நமக்குக் கடைசிவரை சொல்லப்படுவதில்லை. முன்னும் பின்னுமாக நகரும் ஒரே இதழ்தான். பள்ளியில் முதல்முறை சக்தி வந்து நிற்கும் கணமும் அவள் விழும் கணமும் அடுத்தடுத்த பக்கங்களில் வருகின்றன. ஏழாம் சீசன் கடைசியில் நாம் கைதட்டிய அந்தச் சக்திப் பகிர்வு ஒரு சாதாரணப் பெண்ணிடம் என்ன விலை கேட்டது என்று அந்த இருபத்துச் சொச்சம் பக்கம் சொல்லிவிடுகிறது. நிறைந்து முடிந்த கதையை மறுபடி திறக்க வேண்டுமென்றால் இப்படித்தான் திறக்க வேண்டும். டிவி கேட்க மறந்த கேள்வியை இந்த இதழ் கேட்கிறது.

அடுத்து வரும் நான்கு இதழ்களும், ஆறிலிருந்து ஒன்பது வரை, ப்ரையன் கே. வான் எழுதியவை. இங்கிலாந்தில் கெட்டுப்போன ஒரு பிரபுக் குடும்பத்து ஸ்லேயரைக் கொல்ல, ஒரு காலத்தில் தானும் தடம் மாறிய ஸ்லேயரான ஃபெய்த்தை அனுப்புகிறார் பஃபியின் வழிகாட்டி ஜைல்ஸ். அதற்காக ஃபெய்த் பெரிய இடத்துப் பெண்ணாக நடிக்க வேண்டும். முள்கரண்டி பிடிப்பதிலிருந்து உச்சரிப்பு வரை ஜைல்ஸ் பாடம் நடத்துகிறார். கொல்லப் போன இடத்தில் அந்தப் பெண்ணைத் தன்னைப் போலவே பார்க்கத் தொடங்கிவிடுகிறாள் ஃபெய்த். அருமையான பகுதி. ஜைல்ஸுக்கும் ஃபெய்த்துக்கும் இடையில் இங்கே உருவாகும் பிணைப்பை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். ஹார்மனி என்ற காட்டேரி ரியாலிட்டி ஷோ நடத்தி ரத்தக்காட்டேரிகளை உலகமே கொண்டாடவும், காப்பாற்றும் ஸ்லேயர்களை உலகமே வெறுக்கவும் வைக்கும் 21-ஆவது இதழும் கூர்மையானது.

ஆனால் தொடர் முழுவதும் இப்படி இல்லை. டிவியில் ஒரு அசுரனைக் காட்டவே பட்ஜெட் பார்க்க வேண்டும். காமிக்ஸில் ஓவியர் வரைந்தால் போதும். இந்தச் சுதந்திரம் எட்டாம் சீசனைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிட்டது. பஃபியின் தங்கை டான் ராட்சசியாகி டோக்கியோவில் இயந்திர டானோடு சண்டை போடுகிறாள், பிறகு குதிரை உடல் பெறுகிறாள், பிறகு பொம்மை ஆகிறாள். திபெத்தில் டாங்கிகளுக்கு நடுவே மலை உயரத் தெய்வங்கள் எழுகின்றன. பஃபி பறக்கத் தொடங்குகிறாள். 34-ஆவது இதழில் வானத்தில் நடக்கும் கலவியைப் பார்த்துப் புத்தகத்தை மூடிவைத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் சில வாரங்கள் திரும்ப எடுக்கவில்லை. சன்னிடேலில் பஃபியின் கஷ்டம் நமக்குப் புரிந்ததற்குக் காரணம், அவள் காட்டேரியைக் கொன்றுவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திட்டு வாங்கினாள். பின்னாளில் தண்ணீர்க் குழாய் வெடித்தால் அதைச் சரிசெய்யக் காசில்லாமல் தவித்தாள். கோட்டையும் ஹெலிகாப்டரும் வந்தபின் அந்தத் தவிப்புக்கு இடமே இல்லை. தொடர் முடியும்போது வாசகர்களுக்கு எழுதிய கடிதத்தில் வீடனே கிட்டத்தட்ட இதை ஒத்துக்கொண்டார்: எல்லையில்லாத பட்ஜெட் கிடைத்த உற்சாகத்தில் பெரிதாகப் போய்விட்டதாகவும், அடுத்த சீசன் மனிதர்களிடம் திரும்பும் என்றும்.

தொடர்ச்சியில் ஓட்டையும் உண்டு. ஆறாம் சீசனில் வில்லோ தோலுரித்த வாரன் இங்கே தோல் இல்லாமல் உயிரோடு வருகிறான். ஏழாம் சீசனில் ஆதித் தீமை வாரனின் உருவத்தில் வந்ததே, அது செத்தவர்களின் உருவத்தை மட்டும்தானே எடுக்கும் என்று ரசிகர்கள் உடனே பிடித்துவிட்டார்கள்.

இப்போது ‘ஆஃப்டர் த ஃபால்’. 17 இதழ்கள், நான்கு தொகுப்பு. முழுவதையும் ஒரே புத்தகமாகவும் போட்டார்கள். இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம்.

சந்தில் ஓங்கிய வாள் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு இது நேராகப் பதில் சொல்கிறது. ஏஞ்சல் எதிர்த்து நின்ற, தீய சக்திகளின் சட்ட நிறுவனமான வுல்ஃப்ரம் அண்ட் ஹார்ட் பழிவாங்கிவிட்டது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் முழுவதையும், அதில் வாழும் லட்சக்கணக்கான மக்களோடு சேர்த்து, நரகத்துக்கு அனுப்பிவிட்டது. வானத்தில் சூரியனும் சந்திரனும் ஒரே நேரத்தில் தொங்குகின்றன. காட்டேரிகள் பகலில் நடமாடுகின்றன. ஒவ்வொரு வட்டாரத்தையும் ஒரு அசுரத் தலைவன் ஆள்கிறான். இதுவும் பட்ஜெட் இல்லாத பிரம்மாண்டம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், நகரமே நரகமாவது டாங்கிச் சண்டையைவிடப் பெரியது. ஆனால் இந்தப் பிரம்மாண்டம் ஒரு மனிதனின் குற்ற உணர்ச்சிக்கு வெளியே ஓரடிகூடப் போவதில்லை. அந்தப் படையை வம்புக்கு இழுத்தது ஏஞ்சல். நண்பர்களை அந்தச் சந்துக்குக் கூட்டிப் போனது ஏஞ்சல். இப்போது தெருவில் செத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் அவன் எடுத்த முடிவின் கணக்கில் வருகிறார்கள். டிராகன்கூட இங்கே காட்சிப் பொருளாக நின்றுவிடவில்லை. அது என்ன ஆகிறது என்பதை நீங்களே படியுங்கள்.

இதில் என்னை உலுக்கியது கன். டிவியில் அவன் யார்? காட்டேரிகளோடு தெருச்சண்டை போட்டு வளர்ந்த இளைஞன். தன் தங்கை அலோனா காட்டேரியானபோது தன் கையாலேயே அவளைக் கொன்றவன். சந்தில் அவன் சாகக் கிடந்தபோது படையிலிருந்த காட்டேரிகள் அவனைத் தூக்கிப்போய்த் தங்களைப் போலவே ஆக்கிவிடுகின்றன. முதல் இதழ்களிலேயே தெரிந்துவிடுவதால் இதைச் சொல்வதில் தவறில்லை. காட்டேரியான கன், தான் இன்னும் நல்லவனாகவே இருப்பதாக நம்புகிறான். நகரத்தைக் காப்பாற்றப் போவது தானே என்று திட்டம் போடுகிறான், ஆட்களைக் கொன்றுகொண்டே. ஏஞ்சல் தன்னைக் கைவிட்டுவிட்டான் என்ற கோபம் அவனுக்குள் புழுங்குகிறது. ஆத்மா போனபின் மனிதனிடம் என்ன மிஞ்சும் என்று இரண்டு தொடர்களும் பன்னிரண்டு சீசன் பேசின. நமக்குப் பிடித்த ஒருவன் மூலமாக இவ்வளவு வலிக்க வலிக்க அதை அவை சொன்னதில்லை.

வெஸ்லி இருக்கிறான், செத்தவனாகவே. அவன் வுல்ஃப்ரம் அண்ட் ஹார்ட்டில் போட்ட ஒப்பந்தம் சாவுக்குப் பிறகும் செல்லும் என்பதால், எந்த நிறுவனத்தை எதிர்த்துச் செத்தானோ அதே நிறுவனத்தின் ஆவித் தூதராக வெள்ளைச் சட்டையில் நிற்க வேண்டியிருக்கிறது. அதே நிறுவனத்தின் வக்கீல் லைலாவுக்கு நடந்ததை நினைவு வைத்திருப்பவர்களுக்கு இது இயல்பான நியதியாகப் படும். எதையும் தொட முடியாத அவன் எதிரே, இல்லிரியா சில சமயம் அவன் காதலித்த ஃப்ரெட்டாக, அவள் உடலைத்தான் இல்லிரியா எடுத்துக்கொண்டிருக்கிறாள், மாறிப் பார்க்கிறாள். அந்தப் பக்கங்களில் வசனம் குறைவு. ஏஞ்சலின் மகன் கானரும், பழைய தோழிகள் நீனாவும் க்வென்னும் மனிதர்களை மறைத்துவைத்துக் காப்பாற்றுகிறார்கள். ஐந்தாம் சீசனில் கானரைப் பாதியில் விட்டுவிட்டார்களே என்று வருந்தியவர்களுக்கு இந்தப் புத்தகம் ஒரு மருந்து. 12-ஆவது இதழைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன். அதைத் தனியாக, அவசரமில்லாமல் படியுங்கள்.

குறை இல்லையா? இருக்கிறது, முக்கியமாகக் கண்ணுக்கு. ஃப்ராங்கோ உர்ருவின் கோட்டில் வேகமும் மிரட்டலும் உண்டு. ஆனால் வண்ணம் பல இடங்களில் கலங்கிய குட்டை மாதிரி, ஆரஞ்சும் பழுப்புமாகக் கிடக்கிறது. சண்டைப் பக்கங்களில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று இரண்டாம் முறை பார்க்க வேண்டியிருக்கும். நடுவில் ஓவியர்களும் மாறுகிறார்கள். ஆறிலிருந்து எட்டு வரையான ‘ஃபர்ஸ்ட் நைட்’ பகுதி, நகரம் விழுந்த முதல் இரவில் ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று பல ஓவியர்கள் கையில் சொல்கிறது. கதையின் ஓட்டம் அங்கே தடைபடுகிறது. எட்டாம் சீசனின் ஜான்டி நடிகர்களின் முகத்தை அப்படியே பெயர்க்க முயலாமல், பாவனையைப் பிடித்து வரைகிறார்; பக்கம் தெளிவாக இருக்கிறது. ஓவியத்தை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுப்பவருக்கு எட்டாம் சீசன்தான் மேல். அதை மறுக்கமாட்டேன்.

மொழி விஷயத்தில் நம் வாசகர்கள் ஒன்றை யோசிக்கலாம். பஃபி கும்பல் பேசும் ஆங்கிலம் வார்த்தைகளை வளைத்து, உடைத்து, தொண்ணூறுகளின் அமெரிக்கப் பள்ளிக்கூடக் கேலிகளால் நிரப்பியது. டிவியில் குரலும் முகபாவமும் கைகொடுத்தன. வசனப் பலூனுக்குள் அச்சாக நிற்கும்போது சில வசனங்களை இரண்டு முறை படித்தால்தான் பிடிபடும். ‘ஆஃப்டர் த ஃபால்’ பெரும்பாலும் ஏஞ்சலின் மனக்குரலில் நகர்கிறது. சின்னச் சின்ன வாக்கியங்கள், எளிதாக ஓடும்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ஐடிடபிள்யூ அந்த ஏஞ்சல் வரிசையை 17-ஓடு நிறுத்தவில்லை. எண்ணிக்கையை அப்படியே தொடர்ந்து, வேறு எழுத்தாளர்களை வைத்து 44 வரை கொண்டுபோனார்கள். லிஞ்ச்சும் வீடனும் அமைத்த கதை 17-ஆவது இதழில் முடிகிறது. அங்கே நிறுத்திவிடுங்கள். இது தெரியாமல் நான் 18-லிருந்து தொடங்கும் தொகுப்பையும் சேர்த்து வாங்கினேன். அழகாக ஆறிய புண்ணை யாரோ கிளறுவது போல இருந்தது. ஸ்பைக்கைப் பிடிக்குமென்றால் அதே நேரத்தில் வந்த ‘ஸ்பைக்: ஆஃப்டர் த ஃபால்’ நான்கு இதழை மட்டும் கூடச் சேர்க்கலாம்.

இனி நான் சொன்ன மரணமும் முகமூடியும். எட்டாம் சீசனை எதுவும் தெரியாமல் படிக்க விரும்புபவர்கள் அடுத்த நான்கு பத்திகளைத் தாண்டிவிடலாம்.

எட்டாம் சீசனின் வில்லன் ட்வைலைட் என்ற முகமூடி மனிதன். முகமூடியைக் கழற்றினால் ஏஞ்சல். கடைசிப் பகுதியில் வேறொரு சக்தியின் பிடியில் இருக்கும் ஏஞ்சலின் கைகளாலேயே ஜைல்ஸ் சாகிறார். முதல் சீசனிலிருந்து பஃபிக்கு அப்பாவாக நின்ற மனிதர். இரண்டு பதிப்பகம் என்று சொன்னேன் அல்லவா, அதன் விளைவு இங்கே உறைக்கிறது. ஒரு கடையில் நரகத்தில் நின்று நகரத்தைத் தாங்கிய ஏஞ்சல், அடுத்த கடையில் முகமூடி போட்டு ஸ்லேயர்களின் சாவுக்குக் காரணமாகிறான். இரண்டுக்கும் நடுவே அவனுக்கு என்ன ஆயிற்று என்று மனதில் பதியும்படி யாரும் சொல்லவில்லை. ‘ஆஃப்டர் த ஃபால்’ படித்துவிட்டு எட்டாம் சீசனின் முடிவுக்கு வருபவருக்கு அது துரோகமாகவே படும். எனக்குப் பட்டது.

ஆனால் அந்தத் துரோகத்திலிருந்துதான் இந்தக் காமிக்ஸ் உலகத்தின் மிகச்சிறந்த புத்தகம் பிறந்தது. ஏஞ்சல் உரிமை டார்க் ஹார்ஸுக்குத் திரும்பியபின், 2011 ஆகஸ்டில் தொடங்கி 2013 வரை 25 இதழ்கள் வந்த ‘ஏஞ்சல் அண்ட் ஃபெய்த்’. எழுத்து கிறிஸ்டோஸ் கேஜ், ஓவியம் ரெபெக்கா ஐசக்ஸ். இடம் லண்டன். ஜைல்ஸ் தன் வீட்டையும் உடைமைகளையும் ஃபெய்த்துக்கு எழுதி வைத்துவிட்டார். பஃபிக்கு ஒரே ஒரு புத்தகம், முதல் சீசனில் அவள் முன்னால் அவர் எடுத்துப்போட்ட அந்த ‘வேம்பயர்’ புத்தகம். ஃபெய்த்தின் வீட்டில், தான் செய்ததைத் தாங்க முடியாமல் சித்தம் கலங்கிக் கிடக்கிறான் ஏஞ்சல். எழுந்து உட்கார்ந்ததும் அவன் சொல்வது: ஜைல்ஸை உயிரோடு கொண்டுவருவேன். எட்டாம் சீசன் முடிவோடு மந்திரமே செத்துவிட்ட உலகத்தில் இது பைத்தியக்காரத்தனம் என்று ஃபெய்த்துக்குத் தெரியும். ஆனாலும் அவனோடு போகிறாள்.

ஏன் போகிறாள் என்பதில்தான் புத்தகத்தின் உயிர் இருக்கிறது. ‘ஏஞ்சல்’ முதல் சீசனில் ஃபெய்த் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்து, வெஸ்லியைக் கட்டிப்போட்டுச் சித்திரவதை செய்து, ஏஞ்சலோடு சண்டையிட்டு, கடைசியில் மழை கொட்டும் ஒரு சந்தில், என்னைக் கொன்றுவிடு என்று அவன் நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாளே, அந்தக் காட்சி நினைவிருக்கிறதா? அவன் கொல்லவில்லை; பிடித்துக்கொண்டான். இப்போது அவள் முறை. அவனைக் கைவிட உலகத்தில் எல்லோருக்கும் நியாயமான காரணம் இருக்கும்போது அவள் மட்டும் கைவிடாமல் நிற்கிறாள். சக்தி வந்த இளம் ஸ்லேயர்கள், ட்வைலைட் கொன்ற தோழிகளுக்குப் பழிவாங்கத் துடிக்கும் நதீராவின் குழு, ஃபெய்த்தை நம்பி வருகிறார்கள். அவர்கள் தேடும் கொலைகாரன் அவள் வீட்டு மாடியிலேயே இருக்கிறான். இந்த ஒரே நிலைமையிலிருந்து கேஜ் 25 இதழையும் பின்னிக்கொண்டு போகிறார். உலகம் அழியும் கதை பின்பகுதியில் வருகிறது. ஆனால் நமக்கு அடுத்த பக்கத்தைத் திருப்பவைப்பது ஒரு வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பேரின் நம்பிக்கை. ஐசக்ஸின் ஓவியத்தில் நடிகர்களின் சாயலும் இருக்கிறது, தெளிவும் இருக்கிறது. ஃபெய்த் உதட்டைக் கடித்துக்கொண்டு எதையோ சொல்லாமல் விடும் கட்டங்களில் வசனமே வேண்டாம்.

அதே நேரத்தில் சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் ஒன்பதாம் சீசன் ‘பஃபி’யும் 25 இதழ்தான். சாதாரண வேலை, வாடகை என்று சின்ன வாழ்க்கைக்குத் திரும்பும் முயற்சி நல்லது. கதை பல இடங்களில் தடுமாறுகிறது. கேஜும் ஐசக்ஸும் பத்தாம் சீசனில் ‘பஃபி’க்கு வந்தபின்தான் அது நிமிர்ந்தது. ஸாண்டராக நடித்த நிக்கலஸ் பிரெண்டனே அதில் சில இதழ்களைச் சேர்ந்து எழுதினார். பதினொன்றும் பன்னிரண்டும் சுருக்கமானவை, 2018-இல் எல்லாம் முடிந்தது.

இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ‘ஃப்ரே’ 2001-க்கும் 2003-க்கும் இடையில் எட்டு இதழ் வந்தது. கார்ல் மோலின் வரைந்தார். இருபத்து மூன்றாம் நூற்றாண்டு நியூயார்க், திருடியாக வாழும் மெலகா ஃப்ரே என்ற பெண், பல காலத்துக்குப் பிறகு வந்த ஸ்லேயர். பழைய வரிசைகளில் டிவி பார்க்காதவருக்குக் கையில் கொடுக்கக்கூடிய ஒரே புத்தகம் இதுதான். பார்த்தவருக்கு ஒரு சிறு சந்தோஷம் உண்டு: ‘பஃபி’ கடைசி எபிசோடுகளில் வரும் அந்தச் சிவப்புக் கோடரி முதலில் தோன்றியது ஃப்ரேயின் கையில்.

மற்றது பூம் ஸ்டுடியோஸ் 2019-இல் தொடங்கிய புதிய ‘பஃபி’. ஜோர்டி பெல்லேர் எழுதி டான் மோரா வரைந்தது. பஃபி இன்றைய பள்ளி மாணவி, கையில் செல்போன், கதை முதலிலிருந்து. அழகான ஓவியம், ஸாண்டருக்கு அது தரும் பாதை துணிச்சலானது. ஆனால் பழைய தொடரின் கேள்விகளுக்குப் பதில் தேடுபவருக்கு இதில் எதுவும் கிடைக்காது. தொடரைப் பார்க்காத பதினைந்து வயது உறவுக்காரப் பெண்ணுக்கு நான் பரிசளித்தது இதைத்தான். அவள் அடுத்த தொகுப்பைக் கேட்டுவிட்டாள்.

வீடனின் பெயரைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. 2021 பிப்ரவரியில் கார்டிலியாவாக நடித்த கரிஸ்மா கார்பென்டர், படப்பிடிப்பில் வீடன் தன்னைக் கொடுமையாக நடத்தியதாக வெளிப்படையாக எழுதினார். பஃபி என்ற பெயரோடு சேர்த்துப் பேசப்படுவதில் பெருமை, ஆனால் வீடனின் பெயரோடு என்றென்றும் பிணைக்கப்பட விரும்பவில்லை என்று பஃபியாக நடித்த சாரா மிஷெல் கெல்லரும் அறிவித்தார். அதற்குப் பிறகு வீடன் எழுதியவற்றைத் திறக்கவே மனம் வராதவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குப் புரிகிறது. அவர்களுக்கும் கேஜ் எழுத்தும் பெல்லேர் எழுத்தும் வழி விட்டிருக்கின்றன.

ஆக, முடிவு எடுக்கும் இடம். ‘ஏஞ்சல்’ பார்த்து முடித்த சூட்டில் இருப்பவர் யோசிக்கவே வேண்டாம்: ‘ஆஃப்டர் த ஃபால்’, 17 இதழ், அங்கே நிறுத்தம். ‘பஃபி’ மட்டும் பார்த்து, ‘ஏஞ்சல்’ பக்கம் போகாதவருக்கு, எட்டாம் சீசனின் முதல் இரண்டு தொகுப்பு போதும். ‘த செயின்’, ஃபெய்த் கதை இரண்டும் அதற்குள் வந்துவிடும். பிடித்தால் தொடருங்கள், நடுவில் சலித்தால் 36-லிருந்து 40 வரையான கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம். கொஞ்சம் குழம்பும், ஆனால் பெரிய இழப்பில்லை. இரண்டையும் பார்த்தவர், நேரமும் காசும் அளந்து செலவழிப்பவர், என்னிடம் ஒரே பாதை கேட்டால் சொல்வது இது: முதலில் ‘ஆஃப்டர் த ஃபால்’. அந்த முகமூடிக்காக மனதைத் தயார் செய்துகொண்டு, எட்டாம் சீசனிலிருந்து இரண்டாம் தொகுப்பும் கடைசித் தொகுப்பும். அப்புறம் ‘ஏஞ்சல் அண்ட் ஃபெய்த்’ ஐந்து தொகுப்பும் விடாமல்.

அந்த ஐந்தில் முதல் தொகுப்பைப் பிரிக்கும் முன் ஒரு இரவை ஒதுக்கி, ‘ஏஞ்சல்’ முதல் சீசனின் 18, 19-ஆவது எபிசோடுகளை மறுபடி பாருங்கள். மழைச் சந்து 18-இன் கடைசியில் வருகிறது.